தானமும் தன்பெயரும்

உலகைத் துறந்து வனம் புகுந்தவனுக்கு மட்டுமே ‘எனது’ என்னும் பற்று அறுமா, அன்றிப் பண்டாரத்தின் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே திரளான திரவியத்தைச் செலவிடுபவருக்கும் அது அறக்கூடுமா என்பது நம் சமயவாதிகள் நெடுங்காலமாக விசாரித்து வந்த வினா. ஜனகனைக் காட்டிச் சாஸ்திரங்கள் இதற்கு விடை சொல்லும்; ஜனகனோ புராண புருஷன். சரித்திரத்தில் வாழ்ந்த ஒருவரைக் காட்டும்படி கேட்டால், நான் செம்பியன் மாதேவியாரையே காட்டுவேன்.

மழவர் குலத்தில் பிறந்து, முதற் பராந்தகனின் மகனும் தில்லைக் கூத்தன்மேல் திருவிசைப்பாப் பாடியவருமான கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்ட அவ்வம்மையார், சுமார் 957இல், மகன் உத்தம சோழன் சிறு பிராயத்தினனாக இருக்கையிலேயே கணவரை இழந்தார். அரியணை அரிஞ்சயனுக்கும் பின் சுந்தர சோழனுக்கும் சென்று, 970ஐ ஒட்டியே உத்தமனுக்கு வந்தது. 985இல் ராஜராஜன் முடிசூடிய பின்னரும் அம்மையார் வாழ்ந்திருந்தார். இத்தனை ஆட்சி மாறுதல்களுக்கிடையே அவருடைய திருப்பணி மட்டும் நிற்கவில்லை. திருநல்லம், திருக்கோடிக்கா, தென்குரங்காடுதுறை, திருவாரூர் அரநெறி, விருத்தாசலம் முதலான தலங்களில் அவர் எடுப்பித்த கற்றளிகள் இன்றும் நிற்கின்றன.

இன்று கோனேரிராஜபுரம் எனப்படும் திருநல்லத்தில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தைச் சுவரில் செதுக்குவித்து, அக்கோயிலைத் தம் கணவர் திருநாமத்தால் எடுப்பித்ததாகக் கல்லிலும் பொறித்து வைத்தார் அம்மையார். கோயிலைக் கட்டிய ஆலத்தூர்ச் சாத்தன் குணபட்டன் என்னும் சிற்பியின் பெயரும் அங்கே கல்லில் நிலைபெற்றிருக்கிறது. செலவு தம்முடையதாயிருந்தும் கீர்த்தியைப் பிறருக்குப் பங்கிட்ட இச்செய்கையைக் காணும் பக்தர்கள், இதுவன்றோ மமகாரமற்ற தானம் என்று போற்றக்கூடும்.

ஆயினும், கணவர் பெயரை நாட்டியது பதிபக்தியேயன்றிப் பற்றறுதியாகாது, இறந்தவர்மேல் வைத்த பாசமும் மமகாரத்தின் சூக்ஷ்ம ரூபமே, அன்றியும் அம்மையார் பெயரையே தாங்கிய ஊர் ஒன்று நாகை வட்டாரத்தில் இன்றும் இருக்கிறதே என்று ஒருவர் ஆக்ஷேபித்தால், அவ்வாக்ஷேபத்தைத் தள்ளிவிட இயலாது. திருநல்லத்தை மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க முடியாதென்றே நானும் கருதுகிறேன். தீர்க்கும் சாக்ஷி திருக்கோடிக்காவில் இருக்கிறது.

அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கருங்கல்லால் புதிதாகக் கட்டும்பொழுது, முன்னோர் அளித்த நிவந்தங்களைச் சொல்லும் சாசனங்கள் பொறித்த கற்கள் இடம் பெயர்ந்து கிடந்தன. அவற்றுட் பல, சோழர் வென்றடக்கிய பல்லவர் காலத்தவை. அவற்றை அஸ்திவாரத்தில் போட்டு மூடியிருந்தால் கேட்பார் எவருமிலர். விளக்கெரிக்க ஆடும் பொன்னும் அளித்த அந்தப் பழைய மனிதர்கள் தம் தர்மத்தோடு மறைந்திருப்பார்கள், கோயில் முழுவதும் ஒரே அரசியின் புண்ணியமாக விளங்கியிருக்கும். அம்மையாரோ, அச்சாசனங்களைப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டுவித்து, இவை பழைய கற்களின் படிகள் என்னும் குறிப்பையும் சேர்ப்பித்தார்.

தன் பொருளைக் கொடுப்பவன் கொடுத்த அக்கணத்திலேயே புகழைக் கூலியாகப் பெற்றுவிடுகிறான். ஆதலால் தானம் ஒன்றே பற்றின்மைக்குச் சோதனையாகாது. பிறர் கொடுத்ததை அழிக்கும் வல்லமை தன் கையில் இருக்கும்போது, வேற்றரசர் குடிகள் அளித்ததாயினும் அதை அவர்கள் பெயராலேயே காத்து வைப்பதில் கூலி ஏதுமில்லை. 1019இல் ராஜேந்திரன் அம்மையாரின் திருவுருவத்தை அவர் பெயர் பூண்ட ஊரின் கோயிலில் எழுந்தருளுவித்து வழிபாட்டுக்கு நிவந்தம் விட்டது அவருக்குப் பின் வந்த மரியாதை. ‘என் கோயில்’ என்று சொல்லும் அதிகாரம் முற்றும் இருந்தும், பலருடைய கோயிலாகவே அதை விட்டுவைத்த அம்மனநிலையே துறவு. அதற்கு அரண்மனையை விட்டுப் போகவேண்டுவதில்லை.