ஒரு நாள் முந்திப் பெய்திருந்தால்

கொலராடோவில் நாங்கள் இருக்கும் போல்டர் கவுண்டியில் தீ வந்தது 2021 டிசம்பர் 30. பனி வந்தது மறுநாள், 31ஆம் தேதி. புத்தாண்டு விடியும்போது எரிந்த தெருக்கள் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. அதன் பிறகு பல வாரங்களுக்கு யாரைப் பார்த்தாலும் பேச்சு அங்கேதான் போய் முடியும். "பெய்யறதுதான் பெய்யுது, ஒரு நாள் முந்திப் பெய்யக் கூடாதா?" எங்களை வீட்டில் தங்கவைத்திருந்த நண்பரின் மனைவி காபியைக் கையில் கொடுத்துக்கொண்டே இதைச் சொன்னார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ராக்கி மலையைத் தாண்டி வரும் காற்று, சில குளிர்கால நாட்களில் கிழக்குச் சரிவில் இறங்கும்போது வெறிபிடித்தாற்போல் வேகமெடுக்கும். அன்று அது மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டியது. முற்பகலில் மார்ஷல் பகுதியில் புல்லில் பற்றிய தீ, சில மணி நேரத்தில் சுப்பீரியர், லூயிஸ்வில் என்ற ஊர்களுக்கு வந்துவிட்டது. மலைக்காடு எரிவதை இந்த ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் உள்ள சமவெளிக்குத் தீ வரும் என்று யாரும் நினைத்ததில்லை. கங்கு பறந்து மரவேலியில் விழும், வேலி அதை வீட்டுச் சுவர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். 35,000 பேருக்கு மேல் கிளம்பி ஓடினோம். 1,084 வீடுகள் அழிந்தன, இரண்டு உயிர்கள் போயின. எங்கள் வீடு தப்பியது.

மிச்சமிருந்த தணலைப் பனி அணைத்தது உண்மை. ஆனால் அதே பனி வேறு கணக்கையும் திறந்தது. எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்தியிருந்ததால், தப்பிய வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும் நிலை. மின்சாரம் திரும்பிய தெருக்களில் சின்னச் சின்ன ஹீட்டர்களை விநியோகித்தார்கள். தீயணைக்கும் குழாய்களில் அழுத்தம் குறையாதிருக்க லூயிஸ்வில்லில் சுத்திகரிக்காத நீரையே திறந்துவிட்டிருந்தார்கள். அதனால் குடிநீரைக் கொதிக்கவைக்க வேண்டியதாயிற்று. எரிந்து விழுந்த ஒரு வீட்டின் குழிக்குள், உடைந்த எரிவாயுக் குழாயின் முனையில் சுடர் ஒன்று நின்று எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பனி கொட்டுகிறது. அதற்கடுத்த மனையில் ஒருவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார். முதலில் பனியை வாரினார், பிறகு சாம்பலை வாரினார்.

ஒரு நாள் முந்திப் பெய்திருந்தால் புல் நனைந்திருக்கும், தீ இப்படிப் பரவியிருக்காது. ஆதங்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் வீடு திரும்பியபின் நான் தேதிகளைப் பின்னோக்கி எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்து டென்வரில் அந்தப் பருவத்தின் முதல் பனி விழுந்ததே டிசம்பர் 10 அன்றுதான். அவ்வளவு தாமதம் அங்கே அதுவரை பதிவானதில்லை. கோடையின் பாதியிலிருந்தே மழை பொய்த்திருந்தது. அதற்கும் முன்னால், வசந்தத்தில், நல்ல மழை. புல் செழித்து வளர்ந்ததைப் பார்த்து எல்லோரும் பூரித்துப்போனோம். அந்தப் புல்தான் ஆறு மாதம் காய்ந்து டிசம்பரில் எரிந்தது.

2023 ஜூனில் வெளியான விசாரணை முடிவு இன்னொரு தேதியைச் சேர்த்தது. டிசம்பர் 24 அன்று ஒரு மனையில் கழிவுகளை எரித்து மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அடியில் கனன்றுகொண்டிருந்த அந்த நெருப்பைத்தான் ஆறு நாள் கழித்துக் காற்று கிளப்பிவிட்டது. சற்று நேரத்தில் வேறோர் இடத்தில் மூண்ட தீக்கு, பிடி கழன்ற மின்கம்பி பெரும்பாலும் காரணமாயிருக்கலாம் என்றார்கள். ஆக, நாங்கள் ஒரு நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நாளே இல்லை. வசந்தத்திலிருந்து வருஷக் கடைசிவரை நீண்ட சமாசாரம் அது.

இருந்தும் அந்த ஒரு நாளை விட மனம் வருவதில்லை. ஒரு நாள் என்று சொல்லிவிட்டால் குற்றம் வானத்தின் மேல் போய்விடுகிறது. பல மாதம் என்றால் காயவிட்ட புல், வீட்டோடு ஒட்டிய வேலி, சரியாக அணையாத நெருப்பு என்று மனிதர் கைபட்ட இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். வீட்டை இழந்தவரிடம் போய் இந்தக் கணக்கைப் படிக்கமாட்டேன். அவருக்கு அந்த ஆதங்கம்தான் அழுகைக்குப் பதில். வீடு நின்றவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்கள் தெருவுக்குத் தீ வராததற்கு நாங்கள் எதுவும் செய்துவிடவில்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அதுவும் வானத்தைச் சுட்டுகிற பேச்சுதான்.

நன்றாகப் பராமரித்த வீடுகளும் அன்று எரிந்தன. அப்படிப்பட்ட காற்றின் முன் எந்த ஏற்பாட்டுக்கும் உத்தரவாதம் இல்லை. பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். எல்லாம் நம் கையில் என்று நினைத்தால் பயத்திலேயே செத்துப்போவோம். எதுவுமே நம் கையில் இல்லை என்றால் சோம்பேறியாகிவிடுவோம். நம் பங்கு இரண்டுக்கும் நடுவே கொஞ்சமாக இருக்கிறது. கொஞ்சம் என்பதாலேயே செய்து முடிக்கவும் முடிகிறது. சுவரைத் தொடும் வேலித் துண்டை எடுத்துவிட்டு இரும்பில் வைத்தேன். கூரைத் தகரவாய்க்காலில் சேரும் சருகை அள்ளுகிறேன். இவை ஒன்றும் நடக்காத நாட்களில் செய்கிற வேலைகள், அப்போதுதான் செய்யவும் முடியும்.

வசந்தத்தில் மழை நன்றாகப் பெய்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கூடவே, புல்வெட்டும் இயந்திரத்தில் பெட்ரோல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.