அழகுக்கு மதிப்பெண் இடுவோர் யார்?

உலக அழகி என்றும் பிரபஞ்ச அழகி என்றும் ஆண்டுதோறும் பட்டங்கள் சூட்டப்படுகின்றன. தோட்டத்து லயங்களிலும் நகரத்து அடுக்குமாடிகளிலும் நம்மவர் அப்படங்களைக் கண்டு இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுகின்றனர். ஒரு சாரார் "நம் நாட்டுப் பெண் உலக மேடை ஏறினாள்" எனக் களிக்கின்றனர். மற்றொரு சாரார் "மானம் கப்பலேறிற்று" எனத் தலையில் அடித்துக்கொள்கின்றனர். இவ்விரு சாராரும் பேசுவது பெரும்பாலும் அப்பெண் உடுத்திய உடையின் நீள அகலத்தைப் பற்றியே. நாம் ஈண்டு ஆராயப் புகுவது உடையன்று. ஒரு மனிதப் பிறவியை வேறு சில மனிதர் வரிசையில் நிறுத்தித் தரம் பிரித்து இலக்கமிடுதல் தகுமா என்பதே நமது கேள்வி.

இப்போட்டிகள் எங்ஙனம் பிறந்தன என்பதை அன்பர்கள் அறிதல் நலம். 1921-ம் ஆண்டில் அமெரிக்காவின் அத்திலாந்திக் சிட்டி என்னும் கடற்கரை நகரத்து வியாபாரிகள், கோடைகாலம் முடிந்தவுடன் விருந்தினர் ஊர் திரும்பி விடுதிகள் காலியாவதைக் கண்டு கவலையுற்றனர். கூட்டத்தை இன்னும் சில நாட்கள் நிறுத்திவைக்க அவர்கள் கண்ட உபாயங்களுள் ஒன்றே அழகிப் போட்டி. முதற்பட்டம் பெற்றவள் வாஷிங்டன் நகரத்து மார்கரெட் கார்மன் என்னும் சிறுமி, வயது 16. முப்பதாண்டு கழித்து, 1951-ல், லண்டனில் பிரிட்டன் விழா நடைபெற்றபோது, மெக்கா என்னும் கேளிக்கைக் கம்பெனியைச் சேர்ந்த எரிக் மோர்லி, ஜனங்களை ஈர்க்கும் பொருட்டு நீச்சலுடைப் போட்டியொன்றை ஏற்பாடு செய்தார். அதுவே உலக அழகிப் போட்டியாயிற்று. சுவீடன் நாட்டுக் கிக்கி ஹாக்கன்சன் அதில் முடிசூடினார்.

1952-ல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் பிரபஞ்ச அழகிப் போட்டி தோன்றிய கதையோ இன்னும் சுவையுடையது. மிஸ் அமெரிக்கா பட்டம் பெற்ற யோலாண்ட் பெட்பீஸ் என்னும் நங்கை, இனி நீச்சலுடையில் காட்சியளிக்க இயலாது என மறுத்துவிட்டார். அப்போட்டிக்குப் பொருளுதவி செய்துவந்த காட்டலினா என்னும் நீச்சலுடைக் கம்பெனிக்குச் சினம் மூண்டது. உதவியை நிறுத்திக்கொண்டு தானே ஒரு போட்டியை நிறுவிற்று. ஒரு பெண் "மாட்டேன்" என்று சொன்ன ஒரு சொல்லிலிருந்து பிரபஞ்ச அழகி பிறந்தாள்! அவளே 1987-ல் நம் அண்டையிலுள்ள சிங்கப்பூருக்கும் வந்தாள்; அவ்வாண்டு சிலி நாட்டுச் செசிலியா பொலோக்கோவுக்கு முடி சூட்டப்பட்டது.

ஆகவே விடுதி வாடகை, கேளிக்கை டிக்கெட்டு, நீச்சலுடை வியாபாரம் ஆகிய மூன்றுமே இவற்றைப் பெற்ற தாய்மார். எனினும் இதை மட்டும் கொண்டு நாம் தீர்ப்புக் கூறமாட்டோம். பிறப்பைக் கொண்டு மனிதரைத் தாழ்த்தலாகாது என்போர் நாம். போட்டிகளுக்கும் அந்நியாயத்தையே வழங்குவோம்.

நிற்க. நாம் தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்ப்பவர். தரம் பிரித்தல் நமக்குப் புதிய வித்தையன்று. செம்பனைக் குலைகளில் கறுத்துக் கிடக்கும் காய்க்குலை எத்தனை, செம்மையேறிப் பழம் உதிரத் தொடங்கிய குலை எத்தனை, அழுகியது எத்தனை என்று நாள்தோறும் ஏட்டில் பதிகின்றோம். நம் பாட்டனார் காலத்தில் ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இவ்வண்ணமே தரம் கண்டனர். இவ்வேலையில் சச்சரவு எழுவதுண்டு. ஆனால் அடிப்படையில் ஐயம் இல்லை. ஏனெனில் குலை எதற்கு என்பது மண்டோருக்கும் தெரியும், ஆலைக்காரனுக்கும் தெரியும்: எண்ணெய்க்கு. எண்ணெய் மிகுந்தது மேல்தரம்; குறைந்தது கீழ்த்தரம்.

மேடையில் நிற்கும் பெண் எதற்கு? அவளுக்கு இலக்கமிட முற்படுவோர் இவ்வினாவுக்கு முதலில் விடை கூறக் கடமைப்பட்டவர். பயனை நோக்கியே தரம் பிறக்கின்றது. ஒரு பெண்ணைப் பார்த்து "இவள் முதல் தரம், அவள் மூன்றாந்தரம்" என்போன், அவர்கள் தனக்கோ தன் கம்பெனிக்கோ எதற்குப் பயன்படுவர் என்பதை முன்னமே மனத்திற்கொண்டவன். குலைக்கு வாய் இல்லை. இவளுக்கு வாய் உண்டு. அவ்வாயால் 30 வினாடிக்குள் உலக சமாதானத்தைப் பற்றிப் பேசச் சொல்கின்றனர்!

"அப்படியாயின் பரீட்சையில் மார்க்கு இடுவதும் பாவமோ? ஓட்டப்பந்தயத்தில் கிண்ணம் கொடுப்பதும் குற்றமோ?" என நகரத்து நண்பரொருவர் நம்மை மடக்கினார். அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் பரீட்சையில் இலக்கம் பெறுவது விடைத்தாள். பந்தயத்தில் அளக்கப்படுவது ஓட்டம். தோற்றவன் வீடு திரும்பி "இன்று ஓட்டம் சரியில்லை" என்று சொல்லி உறங்கலாம். அழகில் தோற்றவள் என்ன சொல்லி உறங்குவாள்? நண்பர் விடவில்லை. "அவர்களும் மாதக்கணக்கில் உழைக்கின்றனர்; நடை பயில்கின்றனர்; பேச்சுப் பயில்கின்றனர்" என்றார். உண்மையே. அவ்வுழைப்பை நாம் இகழோம். ஆனால் உழைப்பே அளவுகோலாயின், குட்டையான பெண்ணும், அம்மைத்தழும்பு உடைய பெண்ணும் அதே உழைப்பை உழைத்து வாயில் வரையேனும் வந்திருக்க வேண்டுமன்றோ? வாயிலில் நிறுத்திப் பார்க்கப்படுவது வேறொன்று என்பதை நண்பரும் அறிவார்.

இன்னொன்று காண்க. குலையிலுள்ள எண்ணெய், பார்ப்பவன் யார் என்பதைக் கொண்டு கூடுவதில்லை, குறைவதில்லை. அழகின் தரமோ அப்படியன்று. 1970-ம் ஆண்டு நவம்பர் மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் உலக அழகிப் போட்டி நடந்தது. விகடகவி நடிகர் பாப் ஹோப் மேடையில் நின்றபோது, பெண் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த மாதர் எழுந்து மாவுப் பொட்டலங்களை வீசி ஆரவாரம் செய்தனர். பெண்களைச் சந்தைக்கு வந்த கால்நடைபோல் நிறுத்துவது என்ன நாகரிகம் என்பது அவர்கள் வழக்கு. அதே இரவில், அதே மேடையில், கிரனடா என்னும் சிறு தீவின் ஜெனிபர் ஹோஸ்டன் வென்றார். கறுப்பினப் பெண்ணொருவர் இப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. தென்னாப்பிரிக்காவோ அவ்வாண்டு நிறவெறிக் கொள்கைக்கு ஏற்ப வெள்ளைப் பெண்ணொருத்தியையும், வேறு பட்டத்தின்கீழ்ப் பேர்ல் ஜான்சன் என்னும் நங்கையையும் தனித்தனியே அனுப்பியிருந்தது. பேர்ல் ஜான்சன் இரண்டாமிடம் பெற்றார்.

இவ்விரவைப் பற்றி நாம் பலமுறை சிந்தித்திருக்கின்றோம். மாவு வீசிய மாதர் கூறியதில் பிழையில்லை. ஆனால் அட்லாண்டிக் கடலுக்கப்பால் தொலைக்காட்சி முன் அமர்ந்து, "நம் நிறத்தவளும் அழகியாம்" என்று முதன்முதல் கேட்ட கறுப்பினச் சிறுமிக்கு அம்முடி வெறும் தகரமா? அன்று என அதை நாம் உறுதியாகக் கூறுவோம். 1951 முதல் 1970 வரை கறுப்பினப் பெண்களின் முகம் மாறவில்லை. நடுவர் கண்ணே மாறிற்று. அவ்வளவுக்குப் பின்னும் அக்கண்ணுக்கு மேடையில் நிற்போர் பணிய வேண்டியிருந்தது என்பதே நம் வருத்தம். ஹோஸ்டன் பிற்காலத்தில் கனடாவில் தம் நாட்டின் ஹை கமிஷனராகப் பணியாற்றினார். அப்பதவிக்கு அவரை எவரும் நீச்சலுடையில் நடக்கச் சொல்லவில்லை.

விதிப்புத்தகமும் இவ்வாறே. உலக அழகிப் போட்டியில் நீச்சலுடைச் சுற்று 2015 முதல் இல்லை. பிரபஞ்ச அழகிப் போட்டியில் மணமானவரும் தாய்மாரும் சேரலாம் என 2023-ல் விதி தளர்ந்தது. 28 வயது என்ற மேல்வரம்பு 2024-ல் நீங்கிற்று. முந்திய ஆண்டு அழகியாகத் தகாதிருந்த தாய் அடுத்த ஆண்டு தகுதியுடையவளானாள்! இம்மாறுதல்களை நாம் வரவேற்கின்றோம். வரவேற்றுக்கொண்டே, நேற்றுவரை எதை அளந்தீர்கள் என்றும் கேட்கின்றோம்.

போட்டியில் நிற்கும் பெண்களை ஏசுவது மாத்திரம் நமக்கு ஒப்பாது. 1966-ல் உலக அழகியான ரீட்டா பாரியா பம்பாயில் வைத்தியம் பயின்ற மாணவி. ஆசிய மாதருள் இப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. சினிமாவை நாடாது படிப்பை முடித்து டாக்டரானார். மலேசியாவின் சார்பில் 2011-ல் பிரபஞ்ச அழகிப் போட்டிக்குச் சென்ற டெபோரா ஹென்றி, சோமாலிய அகதிக் குழந்தைகளுக்குப் பள்ளி நிறுவியோருள் ஒருவர். ஏணி கோணலாயிருந்தாலும் ஏறத்தெரிந்தவர் ஏறினர். வேறு ஏணி கிடைக்காத வீட்டில் பிறந்த பெண்ணை, ஏணியைச் செய்தவனை விட்டுவிட்டுத் தூற்றுவது கோழைகள் செயல்.

இனி மானம் காக்கப் புறப்படுவோர் விஷயம். 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. பெண்களை வியாபாரச் சரக்காக்காதீர் என்ற மாதர் சங்கத்தாரும், பாரதப் பண்பாடு அழிகிறது என்று முழங்கியோரும் ஒரே தெருவில் நின்றனர். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிர்நீத்தார். அதை எண்ணுந்தோறும் நெஞ்சு பதறுகின்றது. முடிவில் நிகழ்ந்தது யாது? நீச்சலுடைச் சுற்றை மட்டும் செய்ஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோயினர். மற்றவை பெங்களூரிலேயே குறைவின்றி நடந்தன. கிரேக்க நாட்டு ஐரீன் ஸ்க்லிவா முடிசூடினார். தரம் பிரித்தலைப் பற்றிப் பண்பாட்டுக் காவலர் கவலைப்படவில்லை; தம் மண்ணில் தொடை தெரியாதிருந்தால் போதும் என்றனர். பெண்ணுடல் கம்பெனியின் சரக்கு என்பவனுக்கும், அது தேசத்தின் மானப்பெட்டகம் என்பவனுக்கும் நமக்குத் தெரிந்தவரையில் ஒரே ஒற்றுமையுண்டு: இருவரும் அவளைக் கேட்பதில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் வீட்டுத் திண்ணையைப் பாராமல் விட முடியுமா? பெண் பார்க்க வருகின்றோம். கேசரியும் காபியும் வருகின்றன. பெண்ணை நடக்கச் சொல்கின்றோம். பாடத் தெரியுமா என்கின்றோம். கூந்தல் சொந்தமா என்று ஓர் அத்தை தொட்டும் பார்க்கிறாள். "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று சொல்லி, காரில் ஏறுமுன்னரே "நிறம் கொஞ்சம் மட்டு" எனத் தீர்ப்பளித்துவிடுகின்றோம். லண்டன் மேடையிலாவது அப்பெண் தானே பெயர் கொடுத்து வந்தவள். இங்கே அவளைப் பெயர் கொடுத்தவர் தகப்பனார்.

சென்ற ஆண்டு நம் வட்டாரத்து இளைஞர் மன்றமொன்று பொங்கல் விழாவில் "தமிழ் அழகி" போட்டி நடத்த விரும்பிற்று. ஏடு எழுதிப் பழகியவர் என்று மதிப்பெண் பட்டியலை நம்மிடம் கொடுத்துத் தட்டெழுதித் தரச் சொன்னார்கள். முகவெட்டு, நடை, சேலைக்கட்டு, தமிழ்ப் பேச்சு எனக் கலங்கள் இருந்தன; அவற்றுக்கு மேல் முதற்கலமாக, "நிறம் - 10" என்றிருந்தது. இது எதற்கு என்றோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "வழக்கமாகப் போடுவதுதான், ஐயா" என்றான் காரியதரிசி. அக்கலத்தை எடுத்துவிட ஒப்பினால் தட்டெழுதித் தருவோம் என்றோம், ஒப்பினார்கள். அவ்வாறே ஏழு பிரதிகள் தயாராயின.

போட்டி நடந்தது. நிறத்துக்கு மதிப்பெண் இல்லாத அப்பட்டியலைக் கொண்டே நடுவர் எழுவரும் இலக்கமிட்டனர். வந்திருந்த பதினொரு பெண்களுள் மிகச் சிவந்த பெண்ணே முதற்பரிசு பெற்றாள். தமிழில் மிக நன்றாகப் பேசிய பெண், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு தாயின் மகள், நல்ல கறுப்பு, ஆறாவதாக வந்தாள். பட்டியல்களைக் கூட்டிப் பார்க்கும் வேலையும் நம்மிடமே வந்தமையால் கலம் கலமாகப் பார்த்தோம். "முகவெட்டு" என்ற கலத்தில் அவளுக்கு எழுவருள் ஐவர் இட்டிருந்தது நான்கு.