வாராத பொருளும் வந்துவிட்ட பற்றும்

ஒரு பொருள் நம் கையில் இல்லை. அதற்காக நாம் ஒரு காசும் செலவிடவில்லை. அது நம் ஊர்க் கடைக்கு இன்னும் வந்து சேரவும் இல்லை. இந்நிலையில் அப்பொருளைப் பற்றிய குற்றம் ஏதேனும் நம்மைச் சாருமா? 'சாராது' என்றே உலக வழக்கு விடையிறுக்கும். இல்லாத பொருளை எவ்வாறு உடைமை என்பது? கணக்கில் ஏறாத ஒன்றை எவ்வாறு வரையறுப்பது? இக்கேள்வி மிகப் பழையதே. எனினும் இன்று அது நம் இல்லங்கள்தோறும் புதிய வடிவில் எழுந்து நிற்கிறது. வரப்போகும் கைப்பேசியே அவ்வடிவு.

அயல்நாட்டு மேடை ஒன்றில் புதிய கைப்பேசி அறிமுகமாகிறது. அது நம் நாட்டிற்கு எப்போது வரும், எந்த நிறுவனத்தின் இணைப்பில் இயங்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்னும் பேச்சு அன்று தொடங்கித் திங்கள் கணக்கில் நீள்கிறது. இப்பேச்சில் ஈடுபடுவோர் இளைஞர் மட்டுமல்லர். அவர்களைக் கண்டிக்க வேண்டிய பெரியோரும் உடன் அமர்ந்து கேட்கின்றனர். கையிலுள்ள கைப்பேசி நேற்று ஒழுங்காக இயங்கியது, இன்றும் இயங்குகிறது. ஆயினும் 'புதியது வரட்டும்' என்ற சொல் பிறந்த கணத்திலேயே இது பழையதாகிவிடுகிறது. இக்காத்திருப்பு அறத்தின் நோக்கில் எத்தகையது என்பதை ஆராய்வது இல்லறத்தாராகிய நமக்குப் பயன் தரும்.

பெயரில் இருந்தது, ஊரில் இல்லை

வாதத்திற்குள் புகுமுன் அண்மைக்கால வரலாறு ஒன்றை நினைவுகூர்வோம். ஆப்பிள் நிறுவனத்தின் 'ஐபோன் 3ஜி' 2008ஆம் ஆண்டு ஜூன் 9 அன்று அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டு, ஜூலை 11 அன்று பல நாடுகளில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவிற்கு அது ஏர்டெல், வோடபோன் ஆகிய இரு நிறுவனங்களின் வாயிலாக ஆகஸ்டு 22 அன்று வந்தது. முறையாக இந்நாட்டில் விற்கப்பட்ட முதல் ஐபோன் அதுவே ஆதலின், அதன் வரவை எதிர்நோக்கிய ஆவலும் பெரிதாக இருந்தது.

அமெரிக்காவில் அதன் விலை 199 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் அஃது ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இந்தியாவில் அதே 8 ஜிபி கைப்பேசியின் விலை 31,000 ரூபாய். 16 ஜிபி வேண்டுவோர்க்கு 36,100 ரூபாய். இவ்வேற்றுமைக்குக் காரணம் உண்டு. அங்கே வாங்குவோர் ஈராண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். தொலைபேசி நிறுவனம் கருவியின் விலையில் பெரும் பகுதியை முதலில் தானே ஏற்றுக்கொண்டு, பின்னர் மாதக் கட்டணத்தின் வழியே அதை ஈட்டிக்கொள்ளும். இங்கே பெரும்பாலோர் முன்பணம் கட்டிப் பேசுபவர்கள். அத்தகைய ஒப்பந்தத்திற்கு இடமில்லை. ஆகவே முழு விலையும் ஒரே வேளையில் கேட்கப்பட்டது. அங்கே தவணைக்குள் மறைந்திருந்த விலை இங்கே கண்ணுக்குத் தெரிந்தது.

விலையினும் சிந்திக்கத் தக்கது மற்றொன்று உளது. '3ஜி' என்பது மூன்றாம் தலைமுறை அலைபேசித் தொழில்நுட்பத்தைக் குறிக்கும். முந்தைய ஐபோனுக்கும் இதற்கும் இடையே பெரிதும் விளம்பரப்படுத்தப்பட்ட வேறுபாடு அந்த விரைவே. ஆனால் அக்கைப்பேசியை விற்ற இரு நிறுவனங்களுக்கும் அன்று இந்தியாவில் 3ஜி சேவையே இல்லை. அதற்குரிய அலைக்கற்றையும் ஏலம் விடப்படவில்லை. அரசு நிறுவனமாகிய பி.எஸ்.என்.எல். 2009 பிப்ரவரியில் சென்னையில் 3ஜி சேவையைத் தொடங்கியது. தனியார்க்கான ஏலம் 2010 ஏப்ரல் 9 அன்று தொடங்கி மே 19 அன்று முடிந்தது. ஏர்டெல், வோடபோன் நிறுவனங்களின் 3ஜி 2011ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில்தான் மக்களுக்குக் கிட்டியது. அதற்குள் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 3ஜியைத் தன் விற்பனைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டிருந்தது. கைப்பேசியின் பெயரில் பொறிக்கப்பட்டிருந்த விரைவு, அதை விற்ற நிறுவனத்தின் இணைப்பில் வந்து சேர்ந்தபோது அக்கைப்பேசி முதுமை எய்திவிட்டது.

அவ்வளவு காத்திருந்து பெற்ற 3ஜி நெடிது வாழ்ந்ததா எனின், அதுவும் இல்லை. ஏர்டெல் நிறுவனம் 2019ஆம் ஆண்டிலேயே கொல்கத்தாவில் தொடங்கித் தன் 3ஜி சேவையை நிறுத்தலாயிற்று. எட்டாண்டு வாழ்வே அதற்கு வாய்த்தது.

இதே நிகழ்ச்சி மீண்டும் நிகழ்ந்தது. 5ஜி கைப்பேசிகள் 2020 பிப்ரவரியிலேயே இந்தியாவில் அறிமுகமாயின. 5ஜி சேவை தொடங்கியதோ 2022 அக்டோபர் 1 அன்று. அதுவும் சென்னை உள்ளிட்ட சில நகரங்களில் மட்டும். சேவை தொடங்கிய பின்னரும் ஐபோன் வைத்திருந்தோர் தத்தம் கருவியில் அதைப் பெற அவ்வாண்டு டிசம்பரில் வந்த மென்பொருள் மாற்றம் வரையில் பொறுத்திருக்க நேர்ந்தது. கருவி வந்தால் சேவை வரவில்லை. சேவை வந்தால் கருவி அதற்கு ஆயத்தமாக இல்லை.

வணிகர் தம் சரக்கைப் புகழ்வது இயல்பு. நம் கேள்வி வாங்குவோரைப் பற்றியது. 3ஜி சேவை இல்லை என்பது செய்தித்தாள்களில் வெளியான செய்தியே. அறிந்தே 31,000 ரூபாய் கொடுத்தவர்கள் இருந்தனர். அக்கைப்பேசிக்கு வேறு பயன்கள் உண்டு என்பதும் உண்மையே. எனினும், பயன்படாத ஒன்றின் பெயரைத் தாங்கிய பொருளுக்காக நெடுநாள் ஏங்கிய மனம் உண்மையில் எதை வேண்டியது?

68 நாள்களின் விலை

இதற்கு விடை காண ஓராண்டு பின்னோக்கிச் செல்வோம். முதல் ஐபோன் 2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸால் அறிவிக்கப்பட்டது. ஜூன் 29 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு திங்களும் காத்திருப்பே. கடை வாயிலில் மக்கள் வரிசையில் நின்று 8 ஜிபி கைப்பேசியை 599 டாலருக்கு வாங்கினர். செப்டம்பர் 5 அன்று அதன் விலை 399 டாலராகக் குறைக்கப்பட்டது. முன்னரே வாங்கியோர் சினங்கொண்டனர். மறுநாளே ஜாப்ஸ் வெளிப்படையாக மடல் எழுதி, அவர்களுக்கு 100 டாலர் மதிப்பில் கடையில் கழித்துக்கொள்ளும் சலுகையை அறிவித்தார்.

இதில் கருதத் தக்கது யாது? செப்டம்பர் 4 அன்று அவர்கள் கையில் இருந்த கருவி செப்டம்பர் 6 அன்றும் அவ்வாறே இயங்கியது. ஒரு பொத்தானும் பழுதுபடவில்லை. பின் எதை இழந்தனர்? பிறர்க்கு முன்னே பெற்றோம் என்னும் பெருமிதத்தை இழந்தனர். 200 டாலரை மிகுதியாகக் கொடுத்து அவர்கள் பெற்றது 68 நாள் முந்தியிருந்த நிலையே. அந்நிலை பெட்டிக்குள் வைத்து விற்கப்படவில்லை. காத்திருந்த திங்கள்களில் அவர்தம் உள்ளத்திலேயே விளைந்தது.

மூர்ச்சையும் நிதானமும்

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறுமிடத்துப் பொருளைச் சுட்டவில்லை, மூர்ச்சையைச் சுட்டுகிறார். பொருளின்பால் உண்டாகும் 'எனது' என்னும் மயக்கமே மூர்ச்சை. அன்றாட வழக்கிலும் அறிவு மயங்கிக் கிடப்பவனை 'மூர்ச்சையானான்' என்கிறோமன்றோ? இவ்விலக்கணத்தைக் கொண்டு நோக்கினால், தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை எளிதாகிறது. பொருளே பரிக்கிரகம் எனின், வாராத பொருள் பரிக்கிரகம் ஆகாது. மூர்ச்சையே பரிக்கிரகம் எனின், பொருள் வருமுன்னரே பரிக்கிரகம் வந்துவிடும். பெட்டி துறைமுகத்தில் இறங்குமுன் பற்று வீட்டிற்குள் இறங்கிவிடுகிறது.

மற்றொரு சொல்லும் எண்ணத் தக்கது. பேச்சு வழக்கில் 'நிதானம்' என்றால் பதற்றமின்மை. 'நிதானமாகச் செய்' என்கிறோம். நம் சாத்திரங்களில் நிதானம் என்பது இதற்கு நேர்மாறானது. வரப்போகும் போகத்தின்மேல் மனத்தைக் கட்டிவைத்து ஏங்குவதே அங்கு நிதானம் எனப்படும். தவத்தின் பயனாக மறுமையில் இன்பம் வேண்டுவதையே அது முதன்மையாகக் குறிக்கும். எனினும் எய்தாத இன்பத்தை எண்ணி எண்ணி உருகுவதும் அதில் அடங்கும். ஆர்த்தத் தியானத்தின் நான்கு வகைகளுள் இஃது ஒன்று. மாயை, மித்தியை ஆகியவற்றோடு சேர்த்து மூன்று சல்லியங்களுள் ஒன்றாகவும் இதை வைத்தனர். சல்லியம் என்பது உடலில் தைத்து உள்ளேயே தங்கிவிட்ட முள். நடக்கும்போதெல்லாம் அது குத்தும். காத்திருப்போர் நாளுக்குப் பன்முறை அச்செய்தியையே தேடிப் பார்ப்பது அந்த முள்ளின் வேலையே.

எல்லாக் காத்திருப்பும் இத்தகையதன்று. உழவன் மழைக்குக் காத்திருக்கிறான். அக்காலத்தில் ஏரைச் செப்பனிடுகிறான், எருவிடுகிறான், விதை தெரிகிறான். தாய் மகவுக்குக் காத்திருக்கிறாள். அக்காத்திருப்பு அவளைத் தாயாக்குகிறது. இவற்றில் காத்திருப்பவர் வரவேண்டியதற்குத் தகுதியுடையவராக வளர்கிறார். புதிய கைப்பேசிக்குக் காத்திருப்பவர் செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை. அவர் வளர்வதும் இல்லை. கையிலிருப்பது மட்டும் நாள்தோறும் மதிப்பிழக்கிறது.

எதிர்வாதம்

'கைப்பேசி இன்று ஆடம்பரம் அன்று, தேவை' என்பர். உண்மையே. வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் முதியோர், பெருநகரிலும் அயல்நாட்டிலும் பணிபுரியும் மக்களையும் பேரக் குழந்தைகளையும் அதன்வழியே காண்கின்றனர். வங்கிப் பணமும், மாணவர் பாடமும், மருத்துவர் அறிவுரையும் அதன்வழியே வருகின்றன. இக்கருவியை வெறுத்தொதுக்குவது இல்லறத்தார் கடமையன்று. பழுதுபட்ட கைப்பேசியை மாற்றப் புதியதற்குச் சில நாள் பொறுத்திருப்பதும் குற்றமன்று, அது சிக்கனமே.

ஆனால் 'தேவை' என்னும் சொல் கைப்பேசிக்குப் பொருந்துமேயன்றி, ஒவ்வோராண்டும் வரும் புதிய கைப்பேசிக்குப் பொருந்தாது. பேரனின் முகம் பழைய கைப்பேசியிலும் அதே முகந்தான்.

'மனத்தளவில் எழும் ஆவலால் எவ்வுயிர்க்கு என்ன தீங்கு?' எனவும் வினவுவர். தீங்கு உண்டு. ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் சூழலுக்கு விளைக்கும் கேட்டில் பெரும்பங்கு அதை ஆக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. அதற்கான உலோகங்கள் நிலத்தை அகழ்ந்தே எடுக்கப்படுகின்றன. மண்ணும் நீரும் உயிருடையன என்று கற்ற நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஐக்கிய நாடுகள் அவை சார்ந்த அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. வாழ்க்கைக்கு வேண்டும் பொருளால் நேரும் சிறு இம்சையை இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாது. பயனின்றி நேரும் இம்சையையோ அனர்த்த தண்டம் என்று விலக்கினர் நம் முன்னோர். நன்கு இயங்கும் கருவியைப் புதியதன்மேல் கொண்ட ஏக்கத்தால் எறிவதை வேறு எவ்வகையில் சேர்ப்பது?

வரையறுத்துக் கொள்வோம்

பற்றை ஒரே நாளில் அறுத்தெறியுமாறு இல்லறத்தாரை நம் ஆசாரியர்கள் பணிக்கவில்லை. அளவு குறித்துக்கொள்ளவே பணித்தனர். ஒருமுறை துய்ப்பது போகம். மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். உணவு முன்னதற்கும் ஆடை பின்னதற்கும் சான்று. கைப்பேசி உபபோகத்தின்பாற்படும். மீண்டும் மீண்டும் துய்க்க வேண்டியதை ஒருமுறை துய்த்து விட்டெறியும் உணவுபோல் நடத்துவது அதன் இயல்புக்கே மாறானது.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்வரையறையை இருவகையாகப் பிரிக்கிறார். வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். கால எல்லை குறித்துக் கொள்வது நியமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு ருது, ஓர் அயனம் எனச் சிறுகச் சிறுகக் கொள்ளவும் அவர் வழி வகுத்துள்ளார். மனத்தின் வலிமையின்மையை உணர்ந்த கருணை அதில் விளங்குகிறது.

அவ்வழியே நம் குடும்பங்களும் சில நியமங்களை மேற்கொள்ளலாம். உடைமைகளுக்கு அளவு குறிக்கும்போது வீட்டிலுள்ள கைப்பேசிகளின் எண்ணிக்கையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். இயங்கும் கைப்பேசியை இத்தனை ஆண்டுகள் மாற்றுவதில்லை என உறுதி கொள்ளலாம். 'இன்று கையிலுள்ளதால் எப்பணி தடைப்பட்டது?' என்று தம்மைத் தாமே வினவி, விடை கிடைத்த பின்னரே கடைக்குச் செல்லலாம். புதியதன் சிறப்பு என்று கூறப்படும் சேவை தம் ஊருக்கு வந்துவிட்டதா என்று முதலில் அறியலாம். இவை போதாதெனத் தோன்றினால், வரவிருக்கும் கைப்பேசியைப் பற்றிய செய்தியை ஒரு பட்சம் தேடுவதில்லை என்னும் எளிய நியமத்திலேயே தொடங்கலாம். பொருள் வந்தபின் விலக்குவது அரிது. ஏக்கம் முளைக்கும்போதே கிள்ளுவது எளிது.

இதனைப் பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசமாகக் கூறுவதால் பயனில்லை. தந்தையின் சட்டைப்பையில் ஐந்தாண்டு பழகிய கைப்பேசி இருப்பதைக் காணும் மகனுக்கு அணுவிரதத்தின் பொருளை விளக்க வேறு நூல் வேண்டா.