தாது வருஷமும் சாலிஸ்பரி பிரபுவும்

யாராவது அள்ளி அள்ளித் தின்றால், "தாது வருஷத்துல பொறந்தவனா?" என்பாள் என் அப்பத்தா. அந்தப் பஞ்ச வருஷம் தொடங்கியது 1876-இல். அப்போது லண்டனில் இந்தியா மந்திரி சாலிஸ்பரி பிரபு. பின்னாளில் மூன்று முறை பிரதமர். ஹாட்ஃபீல்ட் மாளிகைக் கோயிலில் நாள்தோறும் ஜெபித்தவர்.

அவர் நெஞ்சில் ஏற்கெனவே ஒரு முள். 1866 ஜூலையில் முதன்முறை அதே பதவிக்கு வந்தபோது ஒரிசாவில் பஞ்சம். இரண்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. பருவமழை துறைமுகங்களை அடைத்துவிட்டது; பத்து லட்சம் பேர் செத்ததாகக் கணக்கு. அந்தப் பழி தன்னையும் சேரும் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அரசியல்வாதி வாயில் அபூர்வம், மதிக்கிறேன்.

ஆனால் பத்து வருஷத்தில் சென்னை மாகாணம் காய்ந்தது. நிவாரணச் செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று அளந்தார். அரைக் கிலோகூட இல்லை. அது போதாதென்று சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட்டார். லண்டன் நாற்காலியில் அதே சாலிஸ்பரி.

அப்படியானால் ஒரிசாவுக்காக அவர் வருந்திய அந்த மனஸ்தாபம் யாருக்கு? செத்தவர்களுக்கா, தன் ஆத்துமாவுக்கா? ஞானோபதேச வகுப்பில் எனக்குப் பிடிபடாத கேள்வி இது. அப்பத்தாவோ பாவசங்கீர்த்தனம் முடிந்தால் வீட்டுக்கு வரமாட்டாள். அளவில் குறைத்த அரிசியைத் திருப்பிக் கொடுக்க நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போவாள்.