கண்ணுக்கும் கடிவாளம் வேண்டும்

படம் எடுக்கிறோம் என்கிறோம். படம் பிடிக்கிறோம் என்றும் சொல்லுகிறோம். பிறன் தோப்பில் ஒரு தேங்காயை எடுத்தால் அது களவு என்று நம் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஓர் உயிரின் உருவத்தை எடுத்தால் அதில் குற்றம் ஏதும் உண்டா? அந்த உயிருக்கு ஒரு மயிரும் குறையவில்லையே என்று கேட்பார் உண்டு. இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

அஸ்ஸாம் மாநிலத்தில் பிரம்மபுத்திரா நதியின் தென்கரையில் காசிரங்கா என்னும் காடு இருக்கிறது. ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகத்திற்குப் பேர்போன இடம். பனிக்கால விடியற்காலையில், நதியிலும் சதுப்பு நிலத்திலும் இருந்து எழும்பும் மூடுபனி, ஆள் உயரத்துக்கும் மேலாக வளர்ந்த புல்லை மூடிக்கொள்ளும். ஜீப்பிலும் யானை மேலும் மனிதர் காமிராவுடன் காத்திருப்பார்கள். முதலில் ஒரு காது தெரியும், பிறகு கொம்பு, பிறகு பாறை நகர்ந்து வருவதுபோல் முழு உடல். அந்த வெளிச்சத்தில் கடுமையான நிழல் கிடையாது. பின்னாலுள்ள புல்லும் மரமும் வெண்மையில் கரைந்துபோக, மிருகம் ஒன்றே தனித்து நிற்கும். வெயில் ஏறினால் அந்தக் காட்சி போய்விடும். இதற்காகவே பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

மிருகத்தின் பக்கமாக இருந்தும் இதைப் பார்க்க வேண்டும். காண்டாமிருகத்துக்குக் கண் பார்வை மங்கல். மோப்பமும் செவியும் மிகக் கூர்மை. நாம் அதைக் காணுமுன்பே அது நம்மை வாடையாலும் சத்தத்தாலும் அறிந்துவிடுகிறது. மேய்ச்சலை நிறுத்துகிறது, தலையை உயர்த்துகிறது, காதுகளைத் திருப்புகிறது. கூடக் கன்று இருந்தால் தாயின் கலக்கம் இன்னும் அதிகம். சுமார் 16 மாதம் சுமந்து பெற்ற ஒரே கன்று அல்லவா! சரியாக அந்த நேரத்தில்தான் ஜீப்பில் இருப்பவர், "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகட்டும்" என்கிறார். நம் கேள்வி பிறக்கும் இடம் இதுவே.

படம் எடுப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் காசிரங்காவுக்குத் துப்பாக்கியோடு போனார்கள். வேட்டையால் இந்த மிருகம் அற்றுப்போகும் நிலை வந்தது. 1908-ல் அது காப்புக் காடாயிற்று. 1938-ல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. 1974-ல் தேசியப் பூங்காவாயிற்று. 2022-ல் எண்ணியபோது அங்கே 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. காவலர்களின் உழைப்பே இதற்கு முதற்காரணம். ஆனால் படங்களுக்கும் இதில் பங்கு உண்டு. கண்டறியாத ஒன்றை மனிதன் எப்படி நேசிப்பான்? 1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு, காட்டில் நடந்தும் யானை மேலிருந்தும் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். காட்டைக் கண்டிராத எத்தனையோ பேருக்கு அவை கண்ணைத் திறந்தன.

ஆகவே காமிரா துப்பாக்கியைவிட நல்லதுதான். எனினும் வேட்டைக்காரனின் ஒரு குணம் அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "எனக்குக் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை" என்னும் பெருமையே அது. முன்பு கொம்பைச் சுவரில் மாட்டினார்கள்; இப்போது படத்தைச் செல்போனில் காட்டுகிறார்கள்.

எல்லையை எங்கே வைப்பது? இதற்கு அஸ்ஸாம் போகவேண்டியதில்லை. மார்கழி விடியலில் நம் இரணியல் பக்கத்து ஏலாக்களில் பனி படர்ந்திருக்கும்போது வரப்பில் ஒரு கொக்கு நிற்கும். தூரத்தில் நின்றால் அது மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டடி நெருங்கினால் கழுத்தை நீட்டி நம்மைப் பார்க்கும். மேலும் ஓரடி வைத்தால் பறந்துவிடும். அந்தக் கடைசி அடியில் நாம் கண்டது கொக்கை அல்ல, அதன் பயத்தை. பார்க்கப்படுகிற உயிர் தன் வேலையை விட்டுவிட்டு நம்மைக் கவனிக்கத் தொடங்குகிறதோ, அங்கேயே நம் உரிமை முடிகிறது. அதற்குமேல் எடுக்கிற படம், கேளாமல் எடுத்த தேங்காய்க்குச் சமானம்.

இன்னொன்றும் உண்டு. படத்தில் மிருகம் பனியில் தனித்து நிற்கிறது. அந்தப் படம் எடுத்த இடத்தில் வரிசையாக ஜீப்புகள் நின்றிருந்தால், அந்தத் தனிமை மெய்யா, பொய்யா? 2025 ஜனவரியில் காசிரங்காவில் ஒரு ஜீப் வளைந்து திரும்பியபோது ஒரு தாயும் மகளும் காண்டாமிருகங்களின் அருகே கீழே விழுந்தார்கள். மயிரிழையில் உயிர் தப்பினார்கள். அந்தக் காட்சியும் படமாகி நாடெங்கும் பரவியது. இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் எடையிருந்தும் குதிரைபோல் ஓடக்கூடிய மிருகம் அது. அதன் பொறுமையை வேடிக்கையாக எண்ணலாகாது.

நம் ஊர்க் கல்யாண வீட்டிலும் இதே கதைதான். தாலி கட்டும் நேரத்தில் பெற்றவர்களுக்குத் தெரிவது போட்டோக்காரரின் முதுகு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரையும், துக்க வீட்டில் அழுகிறவரையும் செல்போனை நீட்டிப் பிடிக்கிறோம். அவர்களும் நம் காண்டாமிருகங்களே. அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை, அவ்வளவுதான்.

காசிரங்காவுக்குப் போகிறவர்கள் போய்வரட்டும். தூரத்தில் நிற்பதை அருகே காட்டும் லென்ஸ் இன்று இருக்கிறது. ஆகவே நெருங்கவேண்டிய அவசியமும் குறைவு. பனி விலகாமல், மிருகம் புல்லுக்குள் மறைந்தே இருந்துவிட்டால், வெறுங்கையோடு திரும்பவும் மனம் பழகவேண்டும். அது தன்னைக் காட்டக் கடமைப்பட்டதல்ல. மறுநாள் அது அதே புல்லைப் பயமின்றி மேயுமானால், படம் எடுக்காமல் திரும்பியவர் ஒன்றையும் இழக்கவில்லை.