தேய்ந்த தடமும் தீராக் கடனும்

பயன் தீர்ந்த பொருளுக்கு மதிப்பு உண்டா என்பது மிகப் பழைய வினா. பால் மறுத்த பசுவை விற்பாரும் உளர். இறுதிவரை பேணுவாரும் உளர். இவ்விருவரையும் வேறுபடுத்துவது கணக்கறிவு அன்று, மனவியல்பே ஆகும். பயன் தீர்ந்த பொதுப்பொருளை ஒரு நாடு எவ்வாறு நடத்துகிறது என்பதிலும் இவ்வியல்பு வெளிப்படும். வண்டி ஓடாது நின்றுவிட்ட இருப்புப்பாதை அத்தகைய பொதுப்பொருள்களுள் ஒன்று.

லாபிஸ் மக்களுக்கு இருப்புப்பாதை புதியதன்று. கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை மாநிலத்தை ஊடறுத்துச் செல்லும் பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவுற்றது. லாபிஸ் அப்பாதையில் அமைந்த ஊர். காடழித்து, மண் கொட்டி, சரளை பரப்பி, கட்டை அடுக்கித் தண்டவாளம் பொருத்திய பணியிலும், பின்னர் அதனை நாள்தோறும் பழுது பார்த்த பணியிலும் தென்னிந்தியத் தொழிலாளர்க்குப் பெரும்பங்கு உண்டு. இன்று அவ்வழித்தடத்தில் ஏறத்தாழ 192 கிலோமீட்டர் நீளத்திற்கு மின்வண்டிக்குரிய இரட்டைப்பாதை அமைந்துள்ளது. புதியது வருதல் நன்றே. ஆயினும், புதியது வருங்கால் பழையதை என்செய்வது என்னும் வினாவும் உடன் வருகிறது.

இவ்வினாவிற்கு அப்பாதையின் தென்கோடியே ஒரு விடை தந்துள்ளது. சிங்கப்பூரில் 1903இல் தொடங்கிய இருப்புப்பாதை, 1932இல் புதிய தடம் பெற்றுத் தஞ்சோங் பகார் நிலையத்தில் முடிந்தது. மலாயன் இரயில்வே வசமிருந்த அந்நிலம் இரு நாடுகளின் உடன்பாட்டின்படி சிங்கப்பூருக்குத் திரும்பியது. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு, ஜொகூர் சுல்தான் இப்ராகிம் இஸ்கந்தர் அவர்களே கடைசி வண்டியைச் செலுத்திச் சென்றார். தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பசுமைத் தடம் எஞ்சியது. அதனைத் துண்டாடாது காக்க வேண்டுமெனச் சிங்கப்பூர் இயற்கைக் கழகம் 2010லேயே கோரியிருந்தது. இன்று அது நடப்பாரும் மிதிவண்டி ஓட்டுவாரும் பகிர்ந்துகொள்ளும் பாதையாக விளங்குகிறது. புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்களும் பழைய நிலையமும் காக்கப்பட்டுள்ளன.

இதற்கு மறுப்பும் உண்டு. “நிலம் அரிதான நகரில் குடியிருக்க வீடின்றி வாடுவோர் இருக்க, உலாவுவார்க்கு நிலம் ஒதுக்குவது அறமாகுமா?” என்பதே அது. எளிதில் தள்ளத்தக்க வினா அன்று இது. நியூயார்க் நகரில் பழைய உயர்மட்ட இருப்புப்பாதை 2009இல் பூங்காவாகத் திறக்கப்பட்டபின், சுற்றுப்புற மனைகளின் விலை உயர்ந்தது. பூங்கா பொதுவாயிற்று, அதன் அருகில் வாழ்வதோ பொருளுடையார்க்கே எளிதாயிற்று. ஆதலின் பாதை அமைப்பதோடு அறம் முடிந்துவிடுவதில்லை. அதன் பயன் எளியோரைச் சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எனினும், இருப்புப்பாதை நிலத்திற்கு ஏனைய நிலத்திற்கு இல்லாத ஓர் இயல்பு உண்டு. அதன் மதிப்பு அகலத்தில் இல்லை. அறுபடாத் தொடர்ச்சியில் உள்ளது. இடையே ஒரு துண்டை விற்றாலும் முழுமை கெடும். ஒரு மணியை விற்று மாலையைக் காப்பதில்லை. அமெரிக்க நாடு 1983இல் இயற்றிய சட்டம் இதனை உணர்ந்தது. ஓட்டம் நின்ற தடத்தை நடைபாதையாக்கிக் காக்கலாம். பின்னொரு நாள் தேவைப்படின் வண்டி மீண்டும் ஓடலாம் என அது வழி செய்தது. இதனால் முடிவெடுக்கும் உரிமை வருந்தலைமுறைக்கும் எஞ்சுகிறது. விற்றுவிட்டாலோ, பேரனுக்குரிய முடிவையும் பாட்டனே எடுத்துவிட்டவன் ஆகிறான்.

பகிர்ந்து செல்லும் பாதை வேறோர் அறத்தையும் கற்பிக்கிறது. தண்டவாளத்தின்மீது வண்டி வரும்போது மனிதன்தான் விலக வேண்டும். வலியதற்கு மெலியது வழிவிடுவதே அங்கு விதி. அதே தடம் நடைபாதை ஆனபின் விதி தலைகீழாகிறது. விரைந்து வரும் மிதிவண்டி, மெல்ல நடக்கும் முதியவருக்காகத் தாமதிக்க வேண்டும். மணியடித்து விரட்டுவது உரிமை ஆகாது. வேகம் குறைப்பதே பண்பு.

இவை யாவற்றினும் மேலானது நன்றிக்கடன். இருப்புப்பாதைத் தொழிலாளர் 1932ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரின் குவீன்ஸ்வே அருகே சிறுகுடிலாக எழுப்பிய முனீஸ்வரர் சன்னதி, பின்னர்க் காமன்வெல்த் டிரைவுக்கு இடம்பெயர்ந்து பெருங்கோயிலாக நிற்கிறது. அத்தொழிலாளருள் பெரும்பாலோரின் பெயர்களோ எங்கும் பொறிக்கப்படவில்லை. மலாக்கா கிளைப்பாதை இதனினும் துயரமானது. சப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. போருக்குப்பின் மீண்டும் இடப்படவில்லை. அக்காலத்தே தோட்டப்புறத் தமிழர் பல்லாயிரவர் சயாமின் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். கட்டியவரும் போய், கட்டியதும் போய், நினைவும் போயின் எஞ்சுவது யாது?

வருங்காலத்தில் ஜொகூரில் எங்கேனும் பழைய தடத்தின் ஒரு பகுதி நடைபாதை ஆகுமாயின், அங்கு நிழல்மரமும் இருக்கையும் மட்டும் போதா. தடத்தை அமைத்தவர் யாவர், எங்கிருந்து வந்தனர், எப்படி உழைத்தனர் எனக் கூறும் ஒரு பலகையும் வேண்டும். அதில் தமிழும் இடம்பெற வேண்டும். லாபிஸின் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் அதன்முன் மிதிவண்டியை நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படித்து, தன் பாட்டனின் பாட்டன் சுமந்த கல்லின்மீதே தான் நிற்பதாக உணர்ந்தால் அதுவே போதும். வண்டி ஓடிய நாளிலும் பெரிய பயனை அத்தடம் அன்று எய்தும்.