இணைப்பை மாற்றலாமா?

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று கேபிள் டிவிக்கு, இன்னொன்று இணையத்துக்கு. இரண்டையும் விட்டுவிட்டு ஒரே நிறுவனத்திடம் போய்விடலாமா என்ற பேச்சு தொடங்கி வெகுநாளாயிற்று. வண்ணத் தாளோடு வாசலுக்கு வந்த இளைஞர் இணையம், டிவி, ஏழெட்டு ஓடிடி எல்லாம் ஒரே பில்லில் அடங்கும் என்றார். இப்போது இரண்டு இடத்தில் கட்டுவதைவிட மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று கூட்டியும் காட்டினார். நானும் கூட்டிப் பார்த்தேன். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்ததும் மிச்சம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் மிச்சம்தான்.

மகளுக்கு உடனே மாறிவிட வேண்டும். மனைவிக்கு எந்தக் கம்பெனியானாலும் சரி, மழை பெய்தால் நிற்கக் கூடாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் கை வரவில்லை என்று யோசித்தேன். பொருளாதார ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். 1988இல் வில்லியம் சாமுவெல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை பேர்போனது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை அதில் அலசியிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் புதிய திட்டங்களைத் தேர்ந்தெடுத்த அளவுக்குப் பழைய ஊழியர்கள் அவற்றின் பக்கம் போகவில்லை. ஆண்டுதோறும் மாறிக்கொள்ள வாய்ப்பிருந்தும் பெரும்பாலோர் இருந்த திட்டத்திலேயே இருந்துவிட்டார்கள். இருப்பதிலேயே இருந்துவிடும் மனச்சாய்வு என்று இதைச் சொல்கிறார்கள்.

மனிதர்களைப் பற்றி அவர்கள் கண்டது உண்மைதான். ஆனால் நகராமல் இருப்பதெல்லாம் மனச்சாய்வுதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இருக்கிற இணைப்பின் குறைகள் எனக்கு அத்துப்படி. எந்த நேரத்தில் மந்தமாகும், யாரைக் கூப்பிட்டால் ஆள் வருவார் என்பதெல்லாம் தெரியும். வரப்போவதன் குறைகள் வண்ணத் தாளில் அச்சாகியிருக்காது. தெரிந்த குறைக்கும் தெரியாத குறைக்கும் ஒரே விலை போட முடியாதல்லவா?

டிவி விஷயத்தில் நாம் மாறியதைவிட நம்மை மாற்றியதுதான் அதிகம். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதன் பிறகு தெருத் தெருவாகக் கேபிள் கம்பி மொட்டை மாடிகளைத் தாண்டியது. 2011இல் தமிழக அரசின் கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017க்குப் பிறகு செட்டாப் பாக்ஸ் இல்லாமல் படம் தெரியாது என்றானது. இதில் எதையும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை.

2019 பிப்ரவரியில் மட்டும் முடிவை நம் கையில் கொடுத்தார்கள். பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கட்டுங்கள் என்றது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. நூறு சேனலுக்கு இணைப்புக் கட்டணமாக 130 ரூபாய் வரை வாங்கலாம், அதோடு வரி. ஆக, கட்டணச் சேனல் ஒன்றைக்கூடத் தொடும் முன்பே 153 ரூபாய் 40 காசு. அதன் மேல் சேனலுக்குச் சேனல் ஒரு விலை. நூற்றுக்கணக்கான பெயர்கள் அச்சிட்ட தாளில் டிக் அடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். யாருக்குப் பொறுமை? ஆபரேட்டர்கள் தாங்களே ஒரு தொகுப்பைக் கட்டிக் கொடுத்தார்கள், நாமும் வாங்கிக்கொண்டோம். மறு ஆண்டே நூறு சேனலை இருநூறாக்கி விதியைத் திருத்தினார்கள். 2024இல் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது; தேர்ந்தெடுக்கும் வேலையை யார் செய்வது என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

இணையத்தின் கதை வேறு மாதிரி. 2005இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தபோது விநாடிக்கு 256 கிலோபிட்தான் வேகம். சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது என்பதால் அலாரம் வைத்து எழுந்து பதிவிறக்கம் போட்டவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் வேகம் என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பொருள் இருந்தது. இன்று விற்பனையாளர்கள் சொல்லும் 100, 200, 300 எம்பிபிஎஸ் கணக்கில் பாதி வெறும் சத்தம். ஹெச்டி படம் தடங்கலின்றி ஓட 5 எம்பிபிஎஸ் போதும். 4கே என்றாலும் 15 முதல் 25க்குள் அடங்கிவிடும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் இறங்கும். அதுவே எங்கள் மாதிரி நாலு பேர் இருக்கும் வீட்டுக்குத் தாராளம்.

அப்படியானால் மகளின் வீடியோ கூட்டத்தில் படம் ஏன் உறைந்து நிற்கிறது? பழைய காலத்து வீடு. வைஃபை பாக்ஸ் இருப்பது ரேழிக்குப் பக்கத்தில், அவள் உட்கார்ந்து வேலை பார்ப்பது இரண்டாம் கட்டில். நடுவே ஒன்றரை அடிச் சுவர்கள். எந்தக் கம்பெனியின் வைஃபையும் அங்கே மூச்சு வாங்கும். மடிக்கணினியில் லேன் கேபிளை நேரே செருகிப் பார்த்தால் குறை கம்பியிலா காற்றிலா என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமலே கம்பெனி மாற்றி, புது பாக்ஸையும் அதே மூலையில் அதே ஆணியில் மாட்டிவிட்டு, புதுக் கம்பெனியையும் திட்டுகிற வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும்.

எங்கள் வீட்டில் சோதித்ததில் பாதிக் குறை சுவருடையது. மீதி கம்பெனியுடையதுதான். மாலை ஏழு மணிக்கு மேல் வேகம் விழுந்துவிடும். கம்பி அறுந்து பாக்ஸில் சிவப்பு விளக்கு எரிந்தால், புகார் எண்ணுக்கு அடித்து, தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று அமுக்கி, கடைசியில் ஒரு பதிவு எண் குறுஞ்செய்தியாக வரும். ஆள் வரமாட்டார். கண்ணாடி இழைக் கம்பியைச் செப்புக் கம்பி போல முறுக்கிச் சேர்க்க முடியாது. பெரும்பாலும் அதற்கென்று உள்ள இயந்திரத்தில் வைத்து உருக்கித்தான் ஒட்ட வேண்டும். அந்த இயந்திரங்களும் அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் ஊரில் எத்தனை என்பதில்தான் சேவையின் தரம் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் பகுதியில் எந்தப் பெயரில் இணைப்பு வாங்கினாலும் கடைசி நூறு அடிக்குக் கம்பி இழுப்பவர் பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர்தான். பல நிறுவனங்கள் அவர்களைத்தான் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கின்றன. பில்லின் மேல் இருக்கும் பெயர் மாறும். கம்பத்தில் ஏறுபவர் மாறமாட்டார். எனவே எந்தக் கம்பெனி நல்லது என்று விசாரிப்பதைவிட, எங்கள் தெருவுக்கு யார் கம்பி இழுக்கிறார், அவர் போனை எடுப்பாரா என்று விசாரிப்பது புத்திசாலித்தனம். பக்கத்து ஊர் மச்சினர் வீட்டில் பிரமாதமாக ஓடும் இணைப்பு நம் தெருவில் படுத்துக்கிடக்கலாம்.

மாறுவதையும் லேசாக விட்டுவிடவில்லை. கைபேசிக்கு 2011 ஜனவரி 20இலிருந்து எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க இருக்கிறது. வீட்டு இணையத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. எங்கள் இணைய இணைப்போடு இருக்கும் தரைவழித் தொலைபேசி எண்ணையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அப்பா காலத்து எண் அது. அவர் போன பிறகும் எங்கள் சொந்தக்காரர்கள் பலருக்குத் தெரிந்த ஒரே எண். செட்டாப் பாக்ஸ் கதையும் இதுதான். ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொன்றின் இணைப்பில் வேலை செய்யும்படி அமைய வேண்டும் என்று 2020இல் டிராய் பரிந்துரைத்தது. பரணில் கிடக்கும் பழைய பாக்ஸ்களுக்கு அதனால் விடிவு வரவில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டியவர்கள் நடுவில் விலகினால் மீதியைத் திரும்பப் பெற அலைய வேண்டும்.

விலகுகிறேன் என்று சொல்லிப் பார்த்தால் இன்னொன்றும் நடக்கும். இத்தனை நாள் புகாருக்கு வராத அழைப்பு அன்று மாலையே வரும். "ஏன் சார் போறீங்க? உங்களுக்காக ஸ்பெஷலா ஒரு ரேட் போட்டுத் தர்றோம்." ஒழுங்காகக் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பவருக்கு முழு விலை, வாசலில் கால் வைப்பவருக்குச் சலுகை. மளிகைக் கடையை மாற்றுவதற்கே கூசிய தலைமுறையில் வளர்ந்தவன் நான். பழைய கடைக்காரர் பார்த்துவிடுவாரோ என்று பையை மறைத்துக்கொண்டு வேறு தெரு வழியாக வருவார் அப்பா. அந்தக் கூச்சத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது. அந்தக் கடைக்காரர் மாதக் கடைசியில் கடன் கொடுத்தவர். பதிவு எண்ணை மட்டும் கொடுக்கும் நிறுவனத்திடம் கூச்சப்பட ஒன்றுமில்லை. பேரம் பேசலாம், போயும் விடலாம்.

இந்த இடத்தில் இணையத்தின் பக்கம் எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. டிவியின் பக்கம்தான் அம்மா இருக்கிறார்.

அம்மாவுக்கு எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும் என்பது விரலுக்குத் தெரியும். கண்ணாடி போடாமலே ரிமோட்டை அமுக்குவார். காலையில் பக்திப் பாடல், மதியம் பழைய படம், இரவு எட்டரைக்குத் தொடர். புது நிறுவனத்தின் பாக்ஸில் இந்த எண்கள் அத்தனையும் வேறு. ஓடிடி என்றால் எண்ணே கிடையாது. படம் படமாக அடுக்கியிருக்கும் திரையில் தேடிப் பிடிக்க வேண்டும். திடீரென்று ஒருநாள் மறுபடி உள்ளே நுழைய ஓடிபி கேட்கும். அது என் கைபேசிக்கு வரும். நான் அலுவலகத்தில் இருப்பேன். ரிமோட் இரண்டாகும். எதை முதலில் அமுக்குவது என்பதை ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுவோம். தன் வீட்டில் தான் பார்க்கும் டிவியைப் போட அவர் யாரையாவது கூப்பிட வேண்டிவரும்.

"செல்லிலேயே சீரியல் முன்னாடியே வந்துடும் பாட்டி, விளம்பரமே இல்லாம பாக்கலாம்" என்று மகள் ஆசை காட்டினாள். "முன்னாடியே பாத்துட்டு நான் யார்கிட்ட பேசறது? எதிர்வீட்டு மாமி எட்டரைக்குத்தானே பாக்கப் போறா" என்றார் அம்மா. விளம்பர இடைவேளையில்தான் அவர் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார் என்பதும் அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. தெருவே ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்ப்பதில் இருக்கிற பேச்சுத் துணையை எந்தத் தொகுப்பிலும் சேர்த்துத் தருவதில்லை.

உள்ளூர் கேபிள் சேனல் என்று ஒன்று இருக்கிறது. படத்தின் தரம் சுமார்தான், நகைக்கடை விளம்பரம் நொடிக்கொரு தரம் வரும். ஆனால் தேர் நிலையை விட்டுக் கிளம்பிவிட்டதா என்பது அதில்தான் தெரியும். இறந்தவர்களின் படமும் எடுக்கும் நேரமும் அதன் அடியில்தான் ஓடும். முட்டி வலியால் வாசலைத் தாண்டாத அம்மா, ஊரில் யார் போனார், யார் வீட்டுக்குக் கல்யாணம் என்பதையெல்லாம் அந்தச் சேனலில்தான் தெரிந்துகொள்கிறார். டிஷ்ஷிலும் ஓடிடியிலும் உலகம் முழுக்க வரும், இது வராது. மாதா மாதம் பணம் வாங்க வரும் கேபிள்காரரை அவர் "தம்பி" என்று கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுக்கிறார். ஜிபேயில் அனுப்பிவிடலாமே என்றேன். "அவன் வரதே அதுக்குத்தான்டா" என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் படம் புள்ளி புள்ளியாக வருவது, ரிமோட் பேட்டரி, கேபிள்காரர் பிள்ளையின் படிப்பு எல்லாம் பேசியாகிவிடும்.

இருநூறு ரூபாயை மிச்சம் பிடிப்பவன் நான். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவர் எழுபதைத் தாண்டியவர். குடும்பத்தில் பல மாற்றங்கள் இப்படித்தான் நடக்கின்றன. முடிவெடுப்பவர் ஒருவர், பழகிக்கொள்ள வேண்டியவர் இன்னொருவர். பழகிக்கொள்கிறவரின் சிரமம் எந்த பில்லிலும் வராததால் அது செலவாகவே தெரிவதில்லை. விறகடுப்பிலிருந்து கேஸுக்கு மாறியபோது பழகிக்கொண்டவரே பலனையும் அனுபவித்தார். இங்கே பலன் எனக்கு, பழக்கம் அவருக்கு. வயதானவர்கள் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பும் காலை வணக்கங்களுக்கு அளவில்லை. தனக்கு வேண்டியதை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்வார். வேண்டாததைக் கற்றுக்கொள்ளச் சொல்ல மாதம் இருநூறு ரூபாய் போதுமான காரணமா என்பதுதான் கேள்வி.

போதாது என்று முடிவு செய்தோம். இணையத்தை மட்டும் மாற்றினோம். பழையதை உடனே துண்டிக்காமல் ஒரு மாதம் இரண்டையும் ஓடவிட்டு, மாலை நேரத்திலும் மழை நாளிலும் புதியது எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகே பழையதை நிறுத்தினோம். அந்த ஒரு மாதக் கூடுதல் காசு வீண் இல்லை, யாரும் செய்யலாம். ரேழியிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து அங்கே இன்னொரு சின்ன ரவுட்டரை வைத்தோம். தரைவழி எண் போனது போனதுதான். சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுப் புது எண்ணைச் சொன்னவர் அம்மாதான், அதில் அவருக்கு ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. கேபிள் அப்படியே இருக்கிறது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மாதம் ஐம்பது, அறுபது ரூபாய் மிச்சம்.